பழங்குடி மக்களே தங்கள் மருத்துவமனையை நடத்தினால் என்ன மாறும்? டாக்டர்கள் அன்பாகப் பழகினால் போதாதா?

அன்பாகப் பழகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டரிடம் அனுப்புகிற ஏற்பாட்டில் அவர்கள் எவ்வளவு அன்பாக இருந்து என்ன பயன்? உறவு வளர வேண்டுமென்றால் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும். அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அலாஸ்கா. சுகாதார நிர்வாகம் பற்றிப் படிக்கிற ஆர்வத்தில் நெடுநாளாக அதைக் கவனித்து வருகிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுக்கு மருத்துவ வசதி தருவது அமெரிக்க மத்திய அரசின் பொறுப்பு. ‘இந்தியன் ஹெல்த் சர்வீஸ்’ என்ற துறை அதைப் பார்த்துக்கொண்டது (நம் இந்தியா இல்லை, அங்குள்ள பூர்வகுடிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்). ஆங்கரேஜ் நகரில் அந்தத் துறை நடத்திய மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும். காத்திருக்க முடியாதவர்கள் சாதாரணக் காய்ச்சலுக்கும் அவசரப் பிரிவுக்குப் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் முன்பின் தெரியாத ஒரு டாக்டர் வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்பார்.

1975இல் வந்த சுயநிர்ணயச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அரசு செலவழிக்கும் பணத்தை ஒப்பந்தம் மூலம் பெற்று, பூர்வகுடி அமைப்புகளே அந்தச் சேவைகளை நடத்தலாம் என்றது. 1982இல் தொடங்கிய ‘சவுத்சென்ட்ரல் ஃபவுண்டேஷன்’ என்ற ஆங்கரேஜ் பூர்வகுடி அமைப்பு முதலில் சில சேவைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. 1990களின் இறுதியில் ஆரம்ப சிகிச்சை முழுவதும் அதன் கைக்கு வந்தது. மருத்துவமனையை 1999 முதல் இன்னொரு பூர்வகுடிக் கூட்டமைப்புடன் சேர்ந்து நடத்துகிறது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் எல்லோருமே பூர்வகுடியினர். இந்தக் காலத்தில் தலைவராக இருந்த கேத்ரின் காட்லீப், 1987இல் அங்கே வரவேற்பாளராக வேலைக்குச் சேர்ந்தவர். 1991இல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வாசலில் உட்கார்ந்து ஜனங்களின் புலம்பலைக் கேட்டவர் மேலே போனால் என்ன நடக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் இவரைப் பற்றிப் படிக்கலாம்.

அவர்கள் முதலில் செய்தது, மக்களிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டது. பிறகு பழைய முறையை ஒட்டுப்போடாமல் அடியிலிருந்து மாற்றினார்கள். ஒவ்வொருவரும் தனக்கான டாக்டரைத் தானே தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். அந்த டாக்டர் தனி ஆள் இல்லை. தொடர்ந்து விசாரிக்கும் ஒரு நர்ஸ், ஒரு மருத்துவ உதவியாளர், அலுவல் பார்க்க ஒருவர் என்று சிறு குழு. மனநல ஆலோசகரும் கூப்பிடு தூரத்திலேயே இருப்பார். ‘மனநலப் பிரிவுக்குப் போங்கள்’ என்று சீட்டு எழுதி அனுப்பினால் பாதிப் பேர் போகமாட்டார்கள் அல்லவா? குழுவினர் தனித்தனி அறை இல்லாமல் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்கிறார்கள். டாக்டருக்குத் தனி அறை கிடையாது என்ற இந்த ஒரு முடிவை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்! இவை தவிர, பரிசோதனைக் கட்டில் இல்லாமல் உட்கார்ந்து பேசுவதற்கென்றே அறைகள் உண்டு. அன்றே பார்க்க வேண்டும் என்று போன் செய்தால் அன்றே பார்க்கலாம். போனிலேயே முடிகிற விஷயத்துக்கு நேரில் வரவே வேண்டாம்.

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களும், மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெறுகிறவர்களும் கணிசமாகக் குறைந்தார்கள். அமெரிக்காவின் மால்கம் பால்ட்ரிஜ் தர விருது 2011இலும் 2017இலும் கிடைத்தது.

சரி, இதையெல்லாம் அந்த அரசுத் துறையே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் செய்ய முடியாததில்லை. ஆனால் அதிகாரி பதில் சொல்ல வேண்டியது வாஷிங்டனுக்கு. பூர்வகுடி நிர்வாகக் குழுவில் இருப்பவரின் அம்மாவோ அதே மருத்துவமனைக்குத்தான் வருவார். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்கிற கேள்விக்கு மகன் பதில் சொல்லியாக வேண்டும்.

நகரத்தை விட்டு வெளியே போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அலாஸ்காவின் பல கிராமங்களுக்குச் சாலையே கிடையாது, சின்ன விமானம்தான். அங்கே மருத்துவம் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஊர் ஆட்களே. பயிற்சி பெற்று, தொலைவில் இருக்கும் டாக்டரிடம் கேட்டுச் சிகிச்சை தருகிறார்கள். காசநோய்க் காலத்தில் மருந்து கொடுக்க ஊர்க்காரர்களைப் பிடித்ததில் தொடங்கிய வழக்கம், 1968இல் அரசு நிதியோடு முறையான திட்டமானது. பிற்பாடு இதே பாணியில் பல் சிகிச்சைக்கும் உள்ளூர்க்காரர்களை எடுத்தார்கள். முதலில் போனவர்களுக்கு நியூசிலாந்தில் பயிற்சி. பிறகு பல் மருத்துவர்கள் சங்கம் வழக்குப் போட்டது, பட்டம் பெறாதவர்கள் பல் பிடுங்குவதா என்று. 2007இல் நீதிமன்றம் பூர்வகுடிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கிராமங்களில் போய்த் தங்கப் பல் மருத்துவர்கள் வரிசையில் நின்றிருந்தால் சங்கத்தின் வாதத்தில் கொஞ்சமாவது நியாயம் இருந்திருக்கும்.

குறைகளும் உண்டு. அரசு தரும் பணம் தேவைக்குக் காணாது, அதனால் காப்பீட்டுத் தொகைகளையும் வசூலித்துத்தான் ஓட்டுகிறார்கள். டாக்டர்களில் பலர் வெளியிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் இரண்டு வருடத்தில் கிளம்பிவிட்டால் கட்டிய உறவும் கூடவே போய்விடும். அதனால்தான் குழுவில் நர்ஸுக்கும் உதவியாளருக்கும் அவ்வளவு இடம் தருகிறார்கள் என்பது என் கணிப்பு. வேறு ஊர்க்காரர்கள் இந்த முறையைப் பார்த்துவிட்டுப் போய்க் குழுவையும் பேசும் அறையையும் மட்டும் அமைத்தால், பட்ஜெட் வெட்டு வரும்போது முதலில் போவது அவைதான். காப்பாற்ற வேண்டிய நிர்வாகக் குழுவில் அந்த மக்கள் இருக்கமாட்டார்களே.