ஆயில் லைட் மினுங்கினால் சென்சாரா, எஞ்சினா?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 2012 மைவி, 1.3 ஆட்டோ, பழைய கார் விற்கும் கடையில் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. வாங்கிய கையோடு சர்வீஸ் செய்து, எஞ்சின் ஃப்ளஷும் ஊற்றிக் கழுவி, புது 5டபிள்யூ-30 (மெல்லிய ரகம்) எண்ணெய் போட்டிருக்கிறார். கொஞ்ச நாளில் தொல்லை ஆரம்பம். பாலத்தில் வேகமாக வந்து தீவுப் பக்கம் இறங்கி டிராஃபிக் லைட்டில் நின்றால் டாஷ்போர்டில் சிவப்பு எண்ணெய்க் குடுவை விளக்கு மினுங்குகிறது. கியரை 'என்'னில் போட்டாலோ ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலோ அணைந்துவிடுகிறது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றும் இல்லை. ஒரு ஃபோர்மன் (பட்டறை மெக்கானிக்) சென்சார் மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் எஞ்சின் போச்சு, ஓவர்ஹால் என்கிறார், விற்றவர் 'தக் அப்பா (பரவாயில்லை), திக்கான எண்ணெய் ஊத்து' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, இதோடு ஓட்டலாமா என்பது கேள்வி.

ஓட்ட வேண்டாம். அழுத்தத்தை அளந்து பார்க்கும் வரைக்கும் தொழிற்சாலை பஸ்ஸோ நண்பரின் காரோ பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேரில் யார் சரி என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது, அவர்களாலும் முடியாது, ஏனென்றால் மூன்று பேருமே எதையும் அளக்கவில்லை.

அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை, எண்ணெயின் அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. எஞ்சின் பிளாக்கில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அழுத்தம் ஏறக்குறைய 0.3 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போனால் அது மூடிக்கொண்டு விளக்கை எரிய வைக்கும், பெரும்பாலான கார்களில் அவ்வளவுதான் விஷயம். 0.3 பார் என்பது மிகக் குறைவு. ஆக, இந்த விளக்கு எச்சரிக்கை மணி மாதிரி முன்கூட்டியே அடிப்பதில்லை, வீடு பற்றிக்கொண்டபின் அடிக்கிறது. அதனால்தான் 'லேசாத்தானே மினுங்குது' என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது உங்கள் அறிகுறிகளைப் பார்ப்போம், நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. எண்ணெய் சூடானால் நீர்த்துப் போகும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, எண்ணெய் பம்ப் மெதுவாகச் சுற்றும். சூடு, ஐடில் இரண்டும் சேரும் இடத்தில்தான் எந்த எஞ்சினிலும் அழுத்தம் அடிமட்டத்தில் இருக்கும், நீங்கள் பாலத்தை முடித்துவிட்டு நிற்கும் அந்த டிராஃபிக் லைட் சரியாக அந்த இடம். 'டி'யில் பிரேக் மிதித்து நிற்கும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) கொஞ்சம் தாழும், 'என்'னில் போட்டால் கொஞ்சம் ஏறும், அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே விளக்கு அணைகிறது என்றால் அழுத்தம் சுவிட்சின் எல்லைக்கோட்டிலேயே ஊசலாடுகிறது என்று அர்த்தம். ஒயர் எங்கேயாவது உரசி பாடியைத் தொடுவதாக இருந்தால் ஆர்பிஎம்மைப் பார்த்து எரியாது, குண்டு குழியில் இறங்கும்போதும் மழையிலும் அதன் இஷ்டத்துக்கு எரியும். ஆகவே ஒயர் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. மிச்சம் இரண்டே வழி: ஒன்று சுவிட்ச் வயதாகி, போதுமான அழுத்தம் இருக்கும்போதே மூடிக்கொள்கிறது, இல்லையென்றால் அழுத்தம் நிஜமாகவே குறைந்திருக்கிறது. விளக்கை மட்டும் வைத்து இந்த இரண்டையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதுவே வளைவில் திரும்பும்போதோ, திடீர் பிரேக்கிலோ, பாலிக் பூலாவ் மலைப்பாதை ஏறும்போதோ மட்டும் எரிந்திருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்போது எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சம்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) இருக்கும் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது, எண்ணெய் மட்டம் குறைவு என்பதுதான் முதல் சந்தேகம்.

இருந்தாலும் மட்டத்தைப் பார்க்காமல் விடக் கூடாது, சர்வீஸில் குறைவாக ஊற்றிய கதை நிறையவே உண்டு. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போகிறது என்று தேட வேண்டும்: ஃபில்டர் ஓரம், வடிகால் போல்ட், வால்வு கவர், அந்த சுவிட்சின் அடி. வெளியே கசிவே இல்லாமல் குறைகிறது என்றால் எஞ்சின் எரித்துக் குடிக்கிறது. மட்டம் குறையவில்லை, ஆனால் எண்ணெயில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஊற்றியதைவிட மட்டம் ஏறியும் இருக்கிறது என்றால் பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கிறது. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் கூலன்ட் தண்ணீர் கலந்திருக்கிறது, அப்படியானால் காரை எடுக்கவே எடுக்காதீர்கள், டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்தது கேஜ் டெஸ்ட், அதாவது அழுத்தமானியை மாட்டி அளப்பது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் கேள்வி 'ஆயில் பிரஷர் கேஜ் வச்சிருக்கீங்களா' என்பதாக இருக்கட்டும், இல்லை என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள், பெர்தாம், ஜெலுத்தோங் என்று பினாங்கில் பட்டறைக்கா பஞ்சம். சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே கேஜைத் திருகி மாட்டுவார்கள். ஜப்பானிய வழி எஞ்சின்களில் அது பெரும்பாலும் எட்டில் ஒரு பங்கு அங்குல கூம்புத் திருகுமரை, பொருந்தாத அடாப்டரை முறுக்கித் திணிக்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள், அலுமினியத்தில் மரை போனால் அது தனிச் செலவு. முக்கியமான விஷயம், எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். ரேடியேட்டர் விசிறி இரண்டு மூன்று முறை ஓடி நிற்கும் வரைக்குமாவது விட வேண்டும். ஆறிய எஞ்சினில் அளந்துவிட்டு 'ஒகே லா' என்றால் அந்த அளவுக்கு மதிப்பே கிடையாது, உங்கள் காரில்தான் காலையில் விளக்கே வருவதில்லையே. சூடானபின் ஹேண்ட்பிரேக் போட்டு, காருக்கு முன்னால் யாரையும் நிற்க விடாமல், 'டி' ஐடிலில் ஒரு அளவு, 'என்' ஐடிலில் ஒன்று, 'என்'னிலேயே 1500 ஆர்பிஎம்மில் ஒன்று, 3000த்தில் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள், 3000த்தை ஒரு நிமிடம் பிடித்துவைக்கவும் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் கேஜ் முள் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டொயோட்டா வழி வந்த பல எஞ்சின்களின் சர்வீஸ் மேனுவல் சூடான ஐடிலில் குறைந்தது 0.3 பார், 3000த்தில் மூன்று பாரை ஒட்டி என்று போடும். உங்கள் எஞ்சினுக்கான சரியான எண்ணை ஃபோர்மன் மேனுவலில் பார்த்துச் சொல்லட்டும். நடைமுறையில், ஆரோக்கியமான சின்ன எஞ்சின் சூடான ஐடிலில் ஒரு பார் பக்கம் காட்டினால் நான் நிம்மதியாக இருப்பேன்.

ஐடிலில் ஒரு பார் இருக்கிறது, மேலேயும் ஏறுகிறது, ஆனால் விளக்கு மட்டும் மினுங்கியது என்றால் முதல் ஃபோர்மன் ஜெயித்தார். சில பத்து ரிங்கிட்டில் புது சுவிட்ச் போட்டு முடித்துக்கொள்ளலாம். பழைய சுவிட்சின் பிளக்குக்குள் எண்ணெய் ஊறியிருந்தால் அதுவும் நல்ல சாட்சி.

ஐடிலில் குறைவு, 3000த்தில் நன்றாக ஏறுகிறது என்றால் எண்ணெய் அதிகமாக நீர்த்திருக்கிறது, அல்லது பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, எண்ணெயைத் தள்ளுகிறது. தள்ளிய எண்ணெய் பேரிங்கின் மெல்லிய இடுக்கில் நெருக்கிப் போவதால்தான் அழுத்தம் ஏறுகிறது, இடுக்கு அகன்றால் அழுத்தம் விழும். இதை உறுதிப்படுத்த, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்து வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள், மினுமினுப்பான துகள் தெரிகிறதா என்று. காந்தத்தில் ஒட்டாத பளபளப்பு என்றால் பேரிங் உலோகமாக இருக்கலாம், இரண்டாவது ஃபோர்மன் சொன்னதற்கு அப்போது எடை கூடும். அடியிலிருந்து தட்டுகிற சத்தமும் சேர்ந்து கேட்டால் அதற்குமேல் பேச்சே இல்லை, ஓவர்ஹால் அல்லது 'கெடாய் போத்தோங்'கில் (பழைய உதிரிபாகக் கடை) வேறு எஞ்சின். இரண்டுக்கும் விலை கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐடிலிலும் குறைவு, 3000த்திலும் சரியாக ஏறவில்லை, அல்லது ஏறிவிட்டுப் பிடித்திருக்கும்போது மெல்ல இறங்குகிறது. உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது இதுதான், காரணம் அந்த எஞ்சின் ஃப்ளஷ். முந்தைய உரிமையாளர் எண்ணெயை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டியிருந்தால் உள்ளே கறுப்புச் சகதி படிந்திருக்கும். அது ஒட்டிக்கொண்டு கிடந்தவரை தொல்லை இல்லை, வீரியமான ஃப்ளஷ் ஊற்றியதும் கட்டி கட்டியாகப் பெயர்ந்து சம்புக்கு இறங்கி, உறிஞ்சு குழாயின் வலையை அடைத்துக்கொள்ளும். பழைய கார் வாங்கினதும் உடனே ஃப்ளஷ் ஊற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காததே இதனால்தான், நல்ல எண்ணெயை இரண்டு மூன்று முறை சீக்கிரமாக மாற்றினால் சகதி மெதுவாகக் கரைந்து வெளியேறும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே தேன் நிறப் பூச்சு என்றால் பரவாயில்லை, தார் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தால் சம்பைக் கழற்றி வலையைக் கழுவ வேண்டும். அதே நேரத்தில் பம்பின் ரிலீஃப் வால்வு (அதிக அழுத்தத்தைத் திறந்துவிடும் அடைப்பான்) சகதியில் சிக்கித் திறந்தபடி நிற்கிறதா என்றும் பார்க்கலாம். திரும்ப மாட்டும்போது சிலிகானை அப்பி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்பக்கம் பிதுங்கி உடைந்த சிலிகான் துண்டும் அதே வலையில் போய்த்தான் ஒட்டும்.

இந்த எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் பேரிங்கை மட்டும் காப்பதில்லை. டைமிங் செயின் டென்ஷனரும் வால்வு டைமிங் மாற்றும் அமைப்பும் அதே அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. சூடான ஐடிலில் முன்பக்கம் செயின் கரகரப்பதோ, ஐடில் தடுமாறுவதோ சேர்ந்து வந்தால் அழுத்தக் குறைவு நிஜம் என்ற பக்கமே தராசு சாயும்.

அப்புறம் அந்தத் திக்கான எண்ணெய் யோசனை. 20டபிள்யூ-50 ஊற்றினால் விளக்கு ஒருவேளை அணைந்துவிடும், அதுதான் சிக்கலே. வலை அடைத்திருந்தால் திக்கான எண்ணெய் இன்னும் சிரமப்பட்டுத்தான் ஏறும், முக்கியமாகக் காலையில். விற்பதற்கு முன் திக்கான எண்ணெயோ அடிட்டிவோ ஊற்றி வைத்திருந்து, நீங்கள் சரியான எண்ணெய் போட்டதும் உண்மை வெளியே வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இவ்வளவு சீக்கிரம் அந்த யோசனை வாயில் வந்தது கொஞ்சம் நெருடுகிறது. கேஜ் போட்டுப் பார்த்து, வலை சுத்தம், தேய்மானம் மட்டும் லேசாக என்று தெரிந்தபின் 10டபிள்யூ-40க்கு மாறுவது வேறு விஷயம், அது நியாயமான வழி. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் டின்னை மட்டும் வாங்காதீர்கள், போலி எண்ணெய் நம் ஊரில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

அளந்து பார்ப்பதற்குள் சாலையில் விளக்கு நிலையாக எரிந்தாலோ, ஆர்பிஎம் ஏற்றியும் அணையாவிட்டாலோ, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள். பாலத்தின் மேல் என்றால் அவசர விளக்கைப் போட்டு பிளஸ் (நெடுஞ்சாலை நிறுவனம்) உதவியைக் கூப்பிடுங்கள், 'அடுத்த எக்ஸிட் வரைக்கும்தானே' என்று உருட்டினால் பேரிங் பிடித்துக்கொள்ள அந்தத் தூரமே தாராளம்.

விற்றவரிடம் இனி வாட்ஸ்அப்பில் எழுத்தில் மட்டும் பேசுங்கள். கடையில் வாங்கிய பழைய காருக்கும் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. புஸ்பகோம் (வாகனச் சோதனை நிறுவனம்) சோதனையில் பாஸ் ஆன கார் என்று அவர் சொல்வார், பெயர் மாற்றச் சோதனையில் யாரும் எண்ணெய் அழுத்தத்தை அளப்பதில்லை என்று பதில் எழுதுங்கள். கேஜ் படங்கள், ஃபோர்மன் கையெழுத்திட்ட பில், வெட்டிய ஃபில்டர் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், ஃபைலை எப்படித் தயார் செய்வது என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேட்கலாம். கேஜ் அளவுகள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த ஆர்பிஎம்மில் எது என்று மறக்காமல் குறித்து.