கறிவேப்பிலை உள்ளே, உள்ளி மண்ணுக்குள்ளே: ரொறன்ரோ இலையுதிர்காலத் தோட்டக் கேள்வி-பதில்

கே: கறிவேப்பிலைச் சாடியை ஸ்நோ விழும் வரை வெளியே வைத்திருக்கலாமா? போன வருடம் உள்ளே எடுத்ததும் இலையெல்லாம் கொட்டிவிட்டது.

ஸ்நோவுக்குக் காத்திருந்தால் மரம் மிஞ்சாது. இரவு வெப்பநிலை 10 பாகையை நெருங்கும்போதே உள்ளே எடுத்துவிடுங்கள். ரொறன்ரோவில் அது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி. எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறப் பொட்டுப் போல ஒட்டிக்கொண்டிருப்பது செதில்பூச்சி. துணியால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் ஜனவரியில் வீடு முழுக்கப் பிசுபிசுக்கும்.

இலை கொட்டுவது வெளிச்சம் குறைந்ததாலும் ஹீட்டரின் வறண்ட காற்றாலும்தான். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றுகிறார்கள். குளிரை விட அந்தப் பாசம்தான் அதிகக் கறிவேப்பிலையைக் கொன்றிருக்கும்! இலை குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும், மிச்சம் வேரை அழுகவைக்கும். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தெற்குப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள், வெப்பக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். வசந்தம் வரை உரமும் வேண்டாம்.

கே: கடையில் வாங்கிய உள்ளியை (பூண்டை) நடலாமா? எப்போது?

ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நடலாம். கடை உள்ளி வேண்டாம். அது இந்தக் குளிருக்குப் பழகாத இனமாக இருக்கலாம், முளைக்காதிருக்க மருந்து பட்டதாகவும் இருக்கலாம். ஒன்டாரியோவில் விளைந்த, நடுவில் கெட்டித் தண்டுள்ள இனத்தை விவசாயிகள் சந்தையில் வாங்குங்கள். ‘மியூசிக்’ என்ற இனம் இங்கே நன்றாக வரும்.

பற்களைப் பிரித்து, கூர்முனை மேலே பார்க்க, 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடுங்கள். மேலே ஒரு சாண் அளவுக்கு வைக்கோல். குளிர் பட்டால்தான் உள்ளி பல் பிரியும். வசந்தத்தில் நட்டால் பல்லே இல்லாத ஒற்றை உருண்டையாகவும் வரலாம். ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை வெட்டி வறை செய்யுங்கள், அவ்வளவு ருசி. உள்ளியைக் கிண்டுவது ஜூலையில், கீழ் இலைகள் காய்ந்ததும்.

கே: ரோஜாவை இப்போதே வெட்டி மூடிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். இப்போது வெட்டினால் புதுத் துளிர் வரும், அது முதல் உறைபனியிலேயே கருகும். வெட்டுவது வசந்தத்தில், மொட்டு புடைக்கும்போது.

மூடுவதும் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான், அநேகமாக நவம்பர் பிற்பகுதியில். ஒட்டு ரோஜா என்றால் ஒட்டுப்போட்ட இடம் மறைய ஓர் அடி உயரத்துக்கு மண் குவியுங்கள். அந்த மண்ணை வேறிடத்திலிருந்து கொண்டுவாருங்கள், செடியடியில் சுரண்டினால் வேர் வெளியே வந்துவிடும். தொடர்ச்சியான குளிரைச் செடி தாங்கும். ஜனவரியில் இரண்டு நாள் உருகி, மறுபடி உறைவதுதான் ஆபத்து. மண்குவியல் அந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். கடுங்குளிரைத் தாங்குவதற்கென்றே ஒட்டாவாவில் கனடிய விவசாயத் துறை உருவாக்கிய ‘எக்ஸ்ப்ளோரர்’ வகை ரோஜாக்களுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை.

கே: மேப்பிள் இலைகளைக் கட்டி நகரசபைக்குக் கொடுக்க வேண்டுமா?

எதற்கு? புல்வெட்டியால் நொறுக்கி, பாத்தியில் பரப்புங்கள். முழு இலையாகப் போட்டால் படிந்து ஒட்டி, தண்ணீரை இறங்கவிடாது.

கே: தக்காளிச் செடியில் இன்னும் பச்சைக் காய்கள். என்ன செய்யலாம்?

உறைபனிக்கு முதல்நாள் பறித்துவிடுங்கள். வெளிர்பச்சையாக மாறியவை சமையலறை மேசையிலேயே பழுக்கும், வெயில் தேவையில்லை. பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வைத்தால் இன்னும் சீக்கிரம். கரும்பச்சைச் சின்னக் காய்கள் பழுக்காது, சட்னிக்கு எடுங்கள். இலையில் கருகல் நோய் இருந்த செடியை வீட்டு எருக்குழியில் போடாமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

கே: வெளித் தண்ணீர்ப் பைப்பை மூடினால் போதுமா?

போதாது. முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். அப்புறம் வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் பேஸ்மென்டில், அந்தப் பைப்புக்கான வால்வை மூடிவிட்டு, வெளிப் பைப்பைத் திறந்து உள்ளே தங்கிய தண்ணீரை வடியவிடுங்கள். உறையாத புதுவகைப் பைப் என்றாலும் ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் தங்கி, குழாய் சுவருக்குள்ளேயே வெடிக்கும். அது தெரியவருவது ஏப்ரலில் பைப்பைத் திறக்கும்போதுதான்.