வாசகர் கேள்வி: பால் பல்லும் ஆராய்ச்சிக்கு உதவும்

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு எட்டு வயது. தசை எலும்பாக மாறும் எஃப்.ஓ.பி. என்ற அரிய நோய் அவளுக்கு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் உறுப்பு தான அட்டை வைத்திருக்கிறார்கள். இவளைப் போன்ற பிள்ளைகளுக்காக ஆராய்ச்சிக்கும் ஏதாவது கொடுக்க முடியுமா, இவளிடமிருந்தே கொஞ்சம் சதை எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சதை எடுக்க மட்டும் விடவே விடாதீர்கள். இந்த நோயில் பயாப்ஸி, அதாவது சோதனைக்காகச் சதை வெட்டி எடுப்பது, செய்த இடத்திலேயே புதிதாக எலும்பு வளர ஆரம்பித்துவிடும், தசையில் போடும் ஊசிகூட ஆகாது. ஏறக்குறைய பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய், பல டாக்டர்கள் பார்த்தே இருக்க மாட்டார்கள், அதனால் வீக்கத்தைப் பார்த்துப் புற்றுநோயோ என்று பயந்து வெட்டிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் அண்ணன் கறாராக மறுக்கணும்.

பால் பல் இருக்கிறதே! விழுந்ததும் சாணி உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறிவோமே, அதன் உள்ளே இருக்கும் செல்களை எடுத்து அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்த நோயை ஆராய்ந்தார்கள். கத்தியே வேண்டியதில்லை. ஆனால் செல்கள் உயிரோடு இருக்கணும், டப்பாவில் காயப்போட்டு வைத்த பல் அதற்கு உதவாது. அதே பல்கலைக்கழகக் குழுதான் 2006-ல் நோய்க்குக் காரணமான ஏ.சி.வி.ஆர்.1 ஜீனைக் கண்டுபிடித்தது, நோய் தலைமுறையாக வந்த சில குடும்பங்கள் டி.என்.ஏ. கொடுத்ததால்தான் அது முடிந்தது.

இதே நோய் இருந்த, 1973-ல் இறந்த ஹாரி ஈஸ்ட்லாக் என்ற அமெரிக்கர் தன் உடலையே ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். அவருடைய எலும்புக்கூடு ஃபிலடெல்ஃபியாவில் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற எலும்புக்கூடுகளைக் கம்பி போட்டுக் கட்டித்தான் நிறுத்த முடியும், இவருடையது பெரும்பாலும் தானே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இன்றும் டாக்டர்கள் அதைப் பார்த்துப் படிக்கிறார்கள். 2018-ல் காலமான கேரல் ஓர்செல் என்ற பெண்மணிக்கும் இதே நோய். அவரும் தன் எலும்புக்கூட்டை அங்கேயே கொடுத்தார், தன் நகைகளையும் பக்கத்தில் வைக்கணும் என்ற நிபந்தனையோடு. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நிபந்தனை.

சரி, அட்டை விஷயம். அது மாற்று அறுவை சிகிச்சைக்கானது, ஆராய்ச்சிக்குத் தனிச் சம்மதம் வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானம் செய்தால் பெரும்பாலும் மாணவர்கள் உடற்கூறு படிக்கத்தான் போகும். மூளை நோய் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் மூளைத் திசு வங்கி இருக்கிறது, இறந்து சில மணி நேரத்துக்குள் சொல்லியாகணும், அதனால் வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பது முக்கியம்.

இவளுக்கு இப்போதைக்கு, மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருந்தால், மீதியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வார்களா என்று மரபியல் டாக்டரிடம் கேளுங்கள். சம்மதப் படிவத்தில் மாதிரி யாரிடம் போகும், பின்னால் வேண்டாம் என்றால் நிறுத்தலாமா என்ற இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடணும். அப்புறம், ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் விதிப்படி ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் வாய்மொழிச் சம்மதம் கேட்கணும். பல்லோ ரத்தமோ, அவளுக்குப் புரிகிற மாதிரி அண்ணி சொல்லிக் கேட்கட்டும், மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம்.