முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து தர நூலகம் மறுக்கலாமா?

கேள்வி: நான் பார்வையற்ற முதுகலை மாணவி. அரசு உதவி பெறும் கல்லூரியில் படிக்கிறேன். பாடநூல்களை ஸ்கேன் செய்து கேட்டால், "காப்பிரைட் பிரச்சினை வரும், ஓர் அத்தியாயத்துக்கு மேல் முடியாது. யாரையாவது கூட்டிவந்து படிக்கச் சொல்லுங்கள்" என்கிறார் நூலகர். என்ன செய்யலாம்?

பதில்: நூலகர் பயப்படுவதற்கு எதுவுமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த பிரிவு 52(1)(இசட்பி), மாற்றுத்திறனாளி படிக்கக்கூடிய வடிவில் எந்த நூலையும் பிரதி எடுக்கலாம் என்கிறது. இத்தனை பக்கம்தான் என்ற வரம்பு அதில் இல்லை. பதிப்பாளரிடம் அனுமதியும் கேட்க வேண்டாம். நூலகம் மட்டுமல்ல, உங்கள் தோழியும் ஸ்கேன் செய்து தரலாம். ஆனால் அந்தக் கோப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பிரதி மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும், லாபமில்லாமல் என்பதுதான் சலுகையின் நிபந்தனை.

அடுத்தது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். இலவசப் புத்தகம் பற்றிய பிரிவு 17-ஐக் காட்டி வாதாடாதீர்கள். அது 18 வயது வரைதான். உங்களுக்குப் பயன்படுவது பிரிவு 16. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அப்படிப்பட்ட வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது பிரிவு 2(எச்). ஆள் கூட்டி வரச் சொல்வது எனக்கு மறுப்பாகவே தெரிகிறது.

இதுவரை வாயால்தான் கேட்டிருப்பீர்கள். இனி கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கடிதத்தில் "ஸ்கேன் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், பக்கங்களைப் படமாக எடுத்துத் தந்து கணக்கை முடித்துவிடுவார்கள். திரையில் உள்ள எழுத்தை வாசித்துக்காட்டும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளுக்கு அது வெற்றுத்தாள். பழைய பாமினி எழுத்துருக் கோப்பு என்றால் இன்னும் மோசம், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். எனவே நூலின் பெயர், தேவைப்படும் தேதி, "யூனிகோடு எழுத்தாக, பிழை திருத்தி" என்ற மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும்.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, கடித நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுங்கள். அவர் செய்வது பரிந்துரைதான். ஆனாலும் எடுத்த நடவடிக்கையைக் கல்லூரி 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். தேர்வு நெருங்கிவிட்டதென்றால் அதுவரை காத்திருக்காமல், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இடைக்கால உத்தரவு கேளுங்கள். அங்கேயும் முதலில் கேட்கப்போவது அந்த ஒப்புகை நகலைத்தான்.