விளம்பரத்தில் 1,200 சதுர அடி, டேப் பிடித்தால் 870!

வீடு, மனை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மறுவிற்பனைக்கு வந்த ஃபிளாட் ஒன்றை 84 லட்சத்துக்குப் பேசி வருகிறோம். 1,200 சதுர அடி, யூ.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பாகம்) 450 என்று விளம்பரம். உள்ளே அளந்து பார்த்தால் 870தான் தேறுகிறது. தரகரோ, "சூப்பர் பில்டப் சார், ஊர் முழுக்க இப்படித்தான்" என்கிறார். ஒன்றரை கிரவுண்டில் ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் தளம்) மேல் மூன்று தளம், மொத்தம் ஆறு வீடு, எல்லாம் ஒரே அளவு. நம்பலாமா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: ஊர் முழுக்க அப்படித்தான் என்பது உண்மை. 330 சதுர அடி எங்கே போனது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

முதலில் உங்கள் அளவைச் சரிபாருங்கள். 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கார்ப்பெட் ஏரியா என்றால், வெளிச்சுவர், பால்கனி, குழாய்கள் இறங்கும் டக்ட் ஆகியவை நீங்கலாக உள்ளே புழங்கும் பரப்பு. அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்களின் அடிப்பரப்பும் அதில் சேரும். பலரும் இதை விட்டுவிட்டு அறைகளை மட்டும் கூட்டுகிறார்கள். நாலரை அங்குலச் சுவர் 30 அடி நீளம் ஓடினால் 11 சதுர அடிக்குச் சற்று அதிகம். இடுப்பு உயரத்தில் சுவருக்குச் சுவர் அளந்து, உள்சுவரைச் சேர்த்து, பால்கனியைத் தனியாக எழுதுங்கள். வரைபடத்தில் 10க்கு 12 என்று போட்ட அறை டேப்பில் 9 அடி 11 அங்குலம், 11 அடி 11 அங்குலம் என்று வரலாம். வரைபட அளவு செங்கல் முகத்திலிருந்து போட்டது, நீங்கள் அளப்பது பூச்சுக்கு மேல். நூற்றுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் அது மோசடி ஆகாது.

மீதிக்கு வருவோம். வீட்டின் பரப்போடு பொது இடத்தில் ஒரு பங்கையும் கூட்டிச் சொல்வதுதான் சூப்பர் பில்டப். அதற்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது. வெளிச்சுவருக்கும் பால்கனிக்கும் தாராளமாக 130 கொடுத்தாலும் வீட்டுக்கு 200 சதுர அடி பொது இடம் என்கிறார்கள். ஆறு வீட்டுக்கு 1,200. கிளப் ஹவுஸ் இல்லாத சின்னக் கட்டடத்தில் பொது இடம் என்றால் படிக்கட்டு, லிஃப்ட், வீட்டு வாசல் நடைதான். ஒரு தளத்தில் அவை எவ்வளவு என்று அதே டேப்பால் அளந்து, ஸ்டில்ட்டையும் சேர்த்து நான்கால் பெருக்குங்கள். 1,200 வராவிட்டால் அந்த வித்தியாசம் காகிதத்தில் மட்டும் இருக்கிற இடம்.

இதைவிடப் பெரிய ஓட்டை யூ.டி.எஸ்.ஸில் இருக்கிறது. ஒன்றரை கிரவுண்டு 3,600 சதுர அடி. ஆறு சம வீடு என்றால் தலைக்கு 600 வர வேண்டும். 450 வீதம் விற்றிருந்தால் 2,700தான் கைமாறியிருக்கிறது, 900 சதுர அடி மண் இன்னும் யாரோ ஒருவர் பெயரில் நிற்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றைப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆறு வீட்டின் கிரயப் பதிவுகளும் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் உள்ள பிரிக்கப்படாத பாகத்தைக் கூட்டுங்கள். சாலைக்குத் தானமாகக் கொடுத்தது போக மீதி எவர் பெயரில் என்று தெரிந்துவிடும். பில்டர் பெயரிலோ பழைய நில உரிமையாளர் பெயரிலோ இருந்தால், நாளை மொட்டைமாடியில் உரிமை கேட்டு வரலாம். கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பங்கும் கேட்கலாம். அப்போது எண்ணப்போவது யூ.டி.எஸ்.ஸைத்தான், டைல்ஸை அல்ல.

இன்னொன்று. பழைய ஃபிளாட்டுகளின் முதல் கிரயப் பத்திரத்தில் பெரும்பாலும் யூ.டி.எஸ். மட்டுமே இருக்கும். வீட்டின் அளவு தனியாகப் போட்ட கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். விளம்பரம் 1,200 என்று சொல்லி ஒப்பந்தம் 1,120 என்று சொல்வதெல்லாம் சாதாரணம்.

பேரம் பேசும்போது 84 லட்சத்தை 1,200ஆல் வகுத்த 7,000 ரூபாயில் நிற்காதீர்கள். 870ஆல் வகுத்தால் சதுர அடி 9,655 ரூபாய். அக்கம்பக்கத்து வீடுகளையும் கார்ப்பெட் கணக்கில் வகுத்து ஒப்பிட்டால்தான் விலை விளங்கும்.

கேள்வி: புது அடுக்ககத்தில் 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5 லட்சம் கட்டிவிட்டேன். பிரசுரத்தில் 40 அடி சாலை, நீச்சல் குளம் இருந்தன. ஒப்பந்த வரைவில் குளத்தைக் காணோம். சாலையும் பார்வைக்குக் குறுகலாக இருக்கிறது. "அது ஆர்ட்டிஸ்ட் போட்ட படம் மேடம்" என்கிறார்கள்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: வரைவில் கையெழுத்துப் போடாதீர்கள். "பிரசுரத்தில் உள்ளவை ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது" என்று ஒரு வரி உள்ளே பதுங்கியிருக்கும், தேடுங்கள்.

ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு உங்களுக்குத்தான். விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டவருக்கு பில்டர் இழப்பீடு தர வேண்டும். வாங்குபவர் விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். 13ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. உங்கள் கணக்கில் அது 6 லட்சம், ஆகவே இன்னொரு தவணை கேட்டால் மறுத்துவிடுங்கள்.

தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, பில்டர் தாக்கல் செய்த வரைபடத்தை இறக்குங்கள். குளம் அதில் இருக்கிறதா, தள வரைபடத்தில் சாலை எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 40 அடி என்றால் 12.2 மீட்டர். நேரில் காம்பவுண்டுச் சுவருக்கு எதிர்க் காம்பவுண்டு வரை அளந்து கொள்ளுங்கள். பிறகு பிரசுரத்தையும் விளம்பரத்தின் ஸ்கிரீன் ஷாட்டையும் தேதியோடு இணைத்து மின்னஞ்சலில் விளக்கம் கேளுங்கள். போனில் கேட்டால் சாட்சி இருக்காது. பதில் மழுப்பலாக வந்தால் எழும்பூரில் உள்ள ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

விளம்பரத்தில் ரெரா எண்ணே இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்தில் எட்டு வீட்டுக்குள் கட்டுபவருக்குப் பதிவு கட்டாயமில்லை, சென்னையின் சின்ன பில்டர்கள் பலர் இதற்குள் அடங்கிவிடுவார்கள். அங்கே நுகர்வோர் ஆணையம்தான் வழி. பெரிய திட்டத்துக்கு எண் இல்லை என்றால் பணம் கட்ட வேண்டியதே இல்லை.

கேள்வி: "சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு, கார்னர் மனை, பட்டா ரெடி" என்று ஒரு விளம்பரம். எதைச் சரிபார்ப்பது?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: எண்ணைக் கேளுங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த லேஅவுட்டுக்கு பி.பி.டி./எல்.ஓ. என்று தொடங்கி ஆண்டில் முடியும் எண் உண்டு. "அப்ளை பண்ணியாச்சு" என்பது அனுமதி ஆகாது. 20.10.2016க்கு முன்பு அனுமதி இல்லாமல் பிரித்து விற்று, பிறகு வரன்முறை செய்த மனையையும் சிலர் அப்ரூவ்டு என்றே விற்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல, வரன்முறை ஆணையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கார்னர் மனையில் சாலை திரும்பும் முனையை வெட்டிவிடுவார்கள். 30க்கு 40 என்று 1,200க்குப் பணம் வாங்கிவிட்டு, அனுமதி வரைபடத்தில் அந்த முக்கோணம் கழிந்திருந்தால் நட்டம் உங்களுக்கு. பட்டா யார் பெயரில், முழு சர்வே எண்ணுக்கா உட்பிரிவுக்கா என்பதையும் பாருங்கள். "ரெடி" என்பது பல நேரம் லேஅவுட் போட்டவரின் பழைய பட்டாதான்.

கேள்வி: "மெட்ரோ 5 நிமிடம், தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, வெள்ளம் வராத பகுதி". இதற்கெல்லாம் ஆவணம் உண்டா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தண்ணீருக்கு உண்டு. மெட்ரோ வாட்டர் கட்டண ரசீதையும், சங்கத்தின் ஏப்ரல் முதல் ஜூன் வரையான செலவுக் கணக்கையும் கேளுங்கள், லாரிக்குக் கொடுத்த தொகை அதில் இருக்கும். போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் கருவி) பாருங்கள். குடிநீருக்கு 500க்குள் இருப்பது நல்லது, 2,000 தாண்டினால் குழாய்களில் உப்புப் படியும்.

மெட்ரோ என்றால் ஓடுகிற நிலையமா, தூண் மட்டும் நிற்கிற நிலையமா என்று கேளுங்கள். 5 நிமிடம் நடந்தா, விடியற்காலை பைக்கிலா என்பதும் முக்கியம்.

வெள்ளத்துக்குக் காகிதம் தேட வேண்டாம். தெருமுனை டீக்கடையில் 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் நீர்க்கறை, தரையிலிருந்து உயர்த்தி மாட்டிய ஈ.பி. பெட்டி, பக்கத்து வீடுகளில் புதிதாக ஏற்றிய வாசல்படி ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டில்ட் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், மழைநீரை வெளியேற்ற மோட்டார் இருக்கிறதா, அதன் மின் இணைப்பு எந்த உயரத்தில் என்று விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.