இ20 பெட்ரோல் போட்டால் பழைய பைக் கெட்டுப்போகுமா?

2016 மாடல் பைக்குக்கு இ20, அதாவது எத்தனால் என்ற ஆல்கஹாலை 20 சதவீதம் கலந்த பெட்ரோல், ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும், உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மைலேஜ் கொஞ்சம் குறையும், ஏனென்றால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கம்மி, அதை 20 சதவீதம் கலந்தால் கணக்குப்படி 6, 7 சதவீதம் ஆற்றல் போய்விடும். ஆக்டேன், அதாவது என்ஜினில் தட்டல் சத்தம் வராமல் எரியும் தன்மை, கூடுகிறதே என்பார்கள், சரிதான், ஆனால் பழைய என்ஜினுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

நான் கவலைப்படுவது ரப்பரைப் பற்றித்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இ20-ஐத் தாங்கும் பாகங்கள் இருக்கும். உங்களுடையதில் பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் நாளடைவில் உப்பலாம், வெடிப்பு விடலாம். சர்வீஸுக்கு விடும்போது டியூபை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

அப்புறம், எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் அதோடு பிரிந்து அடியில் தங்கிவிடும், கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அதுதான், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலைத் தேடி அலைய வேண்டாம், சாதாரண பங்க்குகளில் இப்போது இ20-தான்.