சீனி இறங்குகிறவரைப் பட்டினியோடு ஸ்கானுக்குக் கூட்டிப்போகலாமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்குச் சலரோகம் இல்லை. ஆனால் விடியப்புறத்தில் சீனி இறங்கி மயங்கிவிடுகிறார். சதையியில் இன்சுலின் சுரக்கும் கட்டி இருக்கலாம் என்கிறார்கள். சீ.ரி. ஸ்கானில் எதுவும் தெரியவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் கொழும்பில் பெற் ஸ்கான் எடுக்க வேண்டுமாம். இரவு பஸ்ஸில் சாப்பிடாமல் கூட்டிப்போக வேண்டுமா?"

வேண்டாம். சாப்பிடாமல் இருந்தால்தானே அம்மா மயங்குகிறார்! வவுனியா தாண்டுவதற்குள்ளேயே விழுந்துவிடக்கூடும்.

புற்றுநோய்க்கு வழமையாக எடுக்கும் பெற் ஸ்கானில் கதிர்வீசும் குளுக்கோசை ஏற்றுவார்கள். பட்டினி அதற்குத்தான். அம்மாவுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் கலியம் 68 டோட்டாடேட் ஸ்கான். அந்த மருந்து கட்டியின் மேலுள்ள, சோமற்றோஸ்ரற்றின் என்ற ஹோமோனைப் பிடிக்கும் ஏற்பிகளைத் தேடிப்போய் ஒட்டும், பட்டினி அவசியமில்லை. துண்டில் எந்த ஸ்கான் என்று பாருங்கள். பட்டினி என்று எழுதியிருந்தால் முன்கூட்டியே போன் எடுத்து, "இவருக்குச் சீனி இறங்கும்" என்று சொல்லுங்கள். சேலைன் வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற ஒழுங்கு செய்வார்கள். அதே ஏற்பிகளில் ஒட்டும் ஒக்ரியோரைட் ஊசி போடுகிறவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம், கலியம் 68 ஏறத்தாழ 68 நிமிடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். பஸ் பிந்தினால் மருந்து காத்திருக்காது. முதல்நாளே போய்த் தங்குவது நல்லது.

சரி, இந்த ஸ்கானிலும் தெரியாவிட்டால்? கட்டி இல்லை என்று அர்த்தமில்லை. இவற்றில் பெரும்பாலானவை 2 சென்ரிமீற்றரை விடச் சிறியவை, புற்றுநோய் அல்லாதவை. அந்தச் சாதுவான கட்டிகளில்தான் மேற்சொன்ன ஏற்பிகள் குறைவாக இருக்கும். ஜி.எல்.பி.-1 என்ற வேறொரு ஹோமோனின் ஏற்பியில் ஒட்டும் எக்சென்டின் ஸ்கான் இவற்றை நன்றாகக் காட்டும். ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது. வாய்வழியே குழாய்விட்டுச் சதையியைப் பக்கத்திலிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்டைப் பற்றிக் கேளுங்கள். இந்த நோயில் நான் அதற்கு நிறைய மதிப்புக் கொடுப்பேன். மறுபக்கம், சதையியின் தலைப்பகுதி கட்டி இல்லாமலே டோட்டாடேட்டில் ஒளிரும். அந்த ஒளியை மட்டும் நம்பிக் கத்தி வைக்கமாட்டார்கள்.

ஸ்கான் காட்டுவது கட்டி இருக்கும் இடத்தை மட்டுமே. நோய் இதுதான் என்று சொல்வது இரத்தப் பரிசோதனை: சீனி இறங்கிய நேரத்திலும் இன்சுலினும் அதோடு சேர்ந்து சுரக்கும் சீ-பெப்டைட்டும் அடங்காமல் இருக்க வேண்டும். அது முடிந்ததா? இன்னொன்று, வீட்டில் யாராவது சலரோகக் குளிசை பாவிக்கிறார்களா? சில குளிசைகளை மாறிக் குடித்தாலும் இதே முடிவுதான் வரும். பயணத்துக்கு முன் அலுமாரியை ஒருமுறை பாருங்கள்.